கல்யாண வேலைகளுக்கு நடுவே அடுப்பங்கரை

கல்யாணத் தேதி முடிவானதும் ஒரு வீட்டில் முதலில் பறிபோவது சாப்பாட்டு மேசை. அழைப்பிதழ் மாதிரிகள், துணித் துண்டுகள், பெயர்கள் எழுதிய தாள்கள், மடிக்கணினி என்று ஒவ்வொன்றாக வந்து அதில் குடியேறிவிடுகின்றன. முதலில் தட்டு வைக்க இடம் இல்லாமல் போகிறது. பிறகு தட்டே தேவைப்படாமல் போகிறது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்தபடி, வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் இது தொடங்கியது. தொடர விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்தப் பிடிவாதத்துக்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணம் ஒரு நாள், அதிகம் போனால் சில நாட்கள். அதற்கான ஏற்பாடுகளோ மாதக்கணக்கில் நீள்கின்றன. அந்த மாதங்களில் எப்படிச் சாப்பிடுகிறோம், எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பது பழக்கமாகப் படிந்துவிடுகிறது. விழா முடிந்த மறுவாரம் புதிதாக ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரப்போகும் ஆயிரக்கணக்கான மாலைகள் இந்த மாலைகளிலிருந்துதான் முளைக்கின்றன.

சமைக்க நேரம் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். சற்றுக் கவனித்துப் பார்த்தேன். உடைத்த சிவப்பு மசூர் பருப்பு 20 நிமிடத்தில் குழைந்துவிடும். அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் சோறு வெந்துவிடும். அதில் பெரும்பகுதி நேரம் அடுப்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. வெளியில் சொல்லி வரவழைப்பதென்றால், எதை வாங்குவது என்று நான்கு பேர் பேசி முடிக்கவும் பிறகு காத்திருக்கவும் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. உண்மையில் தீர்ந்துபோயிருப்பது இன்னொரு முடிவை எடுக்கும் தெம்புதான். எந்த நிறம், எத்தனை மணிக்கு, யாருக்குப் பக்கத்தில் யார் என்று பகலெல்லாம் தீர்மானித்துவிட்டு வருகிறவருக்கு, இரவு என்ன சமைப்பது என்ற சாதாரணக் கேள்வி மலையாகத் தெரிகிறது.

அதனால் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். கிழமைக்கு ஒன்று. திங்கள் பருப்பும் சோறும். செவ்வாய் முட்டை. புதன் சூப்பும் ரொட்டியும். வியாழன் கொண்டைக்கடலையோ வேறு பயறோ. வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் காய்கள் அனைத்தும் ஒரே வாணலியில். சனிக்கிழமை மட்டும் விருப்பம்போல. "ஒரே மாதிரி இருந்தால் அலுத்துப்போகாதா?" என்று அப்பா கேட்டார். அலுப்பு எனக்கு இப்போது வேண்டியதாகவே இருக்கிறது. எல்லாமே புதிதாகவும் நிச்சயமில்லாமலும் இருக்கும் மாதங்களில், செவ்வாய் என்றால் முட்டை என்று தெரிந்திருப்பது பெரிய நிம்மதி. கடைக்குப் போகும் பட்டியலும் மாறுவதில்லை. யார் போனாலும் வாங்கி வந்துவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாண வேலைகள் எதுவும் அன்றன்று முடிவதில்லை. அச்சகத்திலிருந்து பதில் வரவேண்டும், தையல்காரர் இன்னொரு முறை வரச் சொல்வார், உறவினர் ஒருவர் வருவதாகவும் வராமலும் இருப்பார். ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் வெளியிட்ட ஆய்வில், முடிந்த வேலைகளைவிடப் பாதியில் நின்ற வேலைகளே நினைவில் அதிகம் தங்குகின்றன என்று எழுதினார். பின்னால் வந்த சோதனைகள் அனைத்தும் அவருடைய முடிவுக்கே வந்துவிடவில்லை. ஆனாலும் இரவு விளக்கை அணைத்த பிறகு பாதியில் நிற்கும் வேலைகள் வரிசையாக வந்து நிற்பதைக் கல்யாண வீட்டில் இருக்கும் எவரும் அறிவார்கள். சமையல் அப்படிப்பட்டதல்ல. ஆறு மணிக்கு வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினால் எட்டு மணிக்குள் சாப்பிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்துவிடலாம். ஒரு நாளில் ஒன்றையாவது தொடங்கி முழுதாக முடித்தோம் என்ற திருப்தி கிடைக்கிறது.

ஆனால் இவையெல்லாம் பக்கத்துக் காரணங்கள். முதன்மையான காரணம் சனிக்கிழமை.

சனிக்கிழமைகளில் நான் மணக்கப்போகிறவர் வீட்டுக்கு வருகிறார். இருவரும் சேர்ந்து சமைக்கிறோம். அம்மாவும் அப்பாவும் அன்று அடுப்பங்கரைப் பக்கம் வருவதில்லை. எத்தனையோ மாதங்களாகப் பேசிப் பழகியிருக்கிறோம். ஆனாலும் ஒருவரைப் பற்றிப் பேச்சில் வெளிவராதவை பல, நெருப்புக்கும் கத்திக்கும் நடுவே வெளிவருகின்றன. அவருக்கு ஒன்பது மணிக்கு முன் பசிப்பதில்லை. எனக்கு ஏழு மணிக்கே வயிறு காயத் தொடங்கிவிடும், கூடவே கோபமும் வரும். அவர் பசித்தால் கோபப்படுவதில்லை, பேச்சு நின்றுவிடுகிறது. இதை முன்பே தெரிந்துகொண்டது எவ்வளவு நல்லது! அவர் மௌனமாக இருக்கும்போது என்னவோ மனத்தாங்கல் என்று நான் குழம்ப வேண்டியதில்லை. ஒரு வாழைப்பழத்தை நீட்டினால் போதும்.

உப்பு விஷயத்தில் எங்களுக்குள் வெகுநாள் இழுபறி. அவர் வளர்ந்த வீட்டில் உப்பு தூக்கல். எங்கள் வீட்டில் அப்பாவின் ரத்த அழுத்தத்தால் எல்லாம் மட்டு. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு அது. ரொட்டியிலும் ஊறுகாயிலும் ஒளிந்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு எளிய உண்மை. உணவுக்குள் கரைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்கில் உடனே படுகிறது. ஆகவே குறைவாகத் தூவினாலும் கூடுதலாகத் தெரிகிறது. பாத்திரத்தில் மட்டாகப் போட்டு, மேசையில் அவரவர் தூவிக்கொள்வது என்று முடிவு செய்தோம். நாக்கும் பிடிவாதமானதல்ல. உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அந்தச் சுவையே பழகிவிடுகிறது. இப்போது அவர் உப்புக் குடுவையை எடுப்பது குறைந்திருக்கிறது. நானும் கொஞ்சம் கூட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வெங்காயம். ஐந்தே நிமிடத்தில் வெங்காயம் ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை. வாணலி நிறைய நறுக்கிய வெங்காயம் சிறு தீயில் இனித்து, கருஞ்சிவப்பாக மாற 40 நிமிடமாவது வேண்டும். முதலில் அதிலுள்ள நீர் வற்ற வேண்டும். நீர் இருக்கும்வரை வாணலியின் சூடு கொதிநிலைக்கு மேலே ஏறாது. அது வற்றிய பிறகுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கத் தொடங்கும். லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த வினை அது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் வேகம் கூடும், ஆனால் வெங்காயம் கூழாகிவிடும். ஒரு சனிக்கிழமை, அன்று முழுக்க விருந்தினர் தங்கும் இடம் குறித்து இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே கசப்பான பேச்சு ஓடியிருந்தது. அவர் வந்தார், கரண்டியை வாங்கிக்கொண்டார், அந்த 40 நிமிடமும் அவசரப்படாமல், தீயைக் கூட்டாமல் கிளறினார். எதையும் சமாதானம் சொல்லவில்லை. இந்த மனிதரோடு எந்த நெருக்கடியையும் கடந்துவிடலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவருக்கு அதைச் சொல்லவும் செய்தேன்.

நாங்கள் ஒத்துப்போகாத இடங்களும் இருக்கின்றன. சமைக்கச் சமைக்க ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவிவிட வேண்டும் அவருக்கு. கழுவும் தொட்டி நிறைந்தாலும் எனக்குக் கவலையில்லை, கடைசியில் ஒன்றாகக் கழுவிக்கொள்ளலாம். வாடிய கீரையை நான் தயங்காமல் எறிந்துவிடுவேன். அவர் ஒவ்வொரு இலையாகப் பார்த்து நல்லதைப் பிரிப்பார். இவற்றில் எது சரி என்பது முக்கியமே இல்லை. ஒரே வீட்டில் வாழத் தொடங்கும்போது எங்கெங்கே உரசும் என்று இப்போதே தெரிகிறது. மேடை அலங்காரம் பற்றிப் பேசிய மணிநேரங்கள் இதில் ஒன்றைக்கூட எனக்குச் சொல்லித்தரவில்லை.

அம்மாவோடும் அப்படித்தான். நேருக்கு நேர் உட்காரவைத்து "என்ன நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டால், "உன் விருப்பம்தான் கண்ணு" என்று முடித்துவிடுவார். பட்டாணி உரிக்க உட்கார்ந்தால் பேச்சு தானாக வருகிறது. கையில் வேலை இருக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, இடையில் விழும் மௌனத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. செலவு கைமீறுகிறது என்ற பயத்தை அம்மா சொன்னது அப்படி ஒரு மாலையில்தான். அன்று இரவே அப்பாவையும் வைத்துக்கொண்டு கணக்கைத் திறந்தோம்.

அழைப்புப் பட்டியலும் அடுப்பங்கரையில்தான் தீர்ந்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று மேசையில் உட்கார்ந்து பேசியபோது கௌரவம், பழைய கடன், யார் வீட்டு விழாவுக்கு யார் போனார்கள் என்பவையெல்லாம் நடுவில் வந்து நின்றன. காய் நறுக்கிக்கொண்டே பேசியபோது வேறு கேள்வி எழுந்தது: நமது வீட்டுக்கு ஒரு சாதாரண நாளில் வந்தால், மனம் குளிர்ந்து சோறு போடுவோமா? அவருக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியுமா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று வந்தவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டோம், அலங்காரத்தைக் குறைத்தோம். ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹ்யூகோ மியலோன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மணமான அனுபவமுள்ள 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 2014இல் வெளிவந்தது. விழாவுக்கு மிக அதிகமாகச் செலவழித்தவர்களிடையே மணமுறிவு கூடுதலாகவும், நிறையப் பேர் கலந்துகொண்ட திருமணங்களில் குறைவாகவும் இருந்ததாக அவர்கள் எழுதினார்கள். இதுதான் காரணம் என்று அதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஆனாலும் பூக்களைக் குறைத்து ஆட்களை வைத்துக்கொண்ட எங்களுக்கு அதைப் படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

இனி, மணப்பெண்களிடம் சற்று அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. ஆண்களுக்கும் பொருந்தும், ஆனால் இதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோவது பெரும்பாலும் பெண்கள்தான். "கல்யாணத்துக்குள் இளைத்துவிடு." உடுப்பு அளவெடுக்கும் இடத்தில், உறவினர் வீட்டில், தோழியர் நடுவே, எங்கு போனாலும் இந்த அறிவுரை. திடீரென்று உணவை வெட்டிப் பட்டினி கிடந்தால் உடல் அதற்கான கணக்கைப் பின்னால் நீட்டும். முடி வளர்வதும் ஓய்வதுமாகச் சுழற்சியில் இயங்குகிறது. கடுமையான பட்டினியில் பெருவாரியான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. முடி உதிர்வது அப்போதே தெரியாது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் கொத்துக்கொத்தாகக் கையோடு வரும். ஆகவே மூன்று மாதம் முன்பு பட்டினியைத் தொடங்கியவருக்கு, தலை வாரிப் படமெடுக்க வேண்டிய நாளில் முடி கொட்டும். மிக வேகமாக எடை குறைப்பதால் பித்தப்பையில் கற்கள் உருவாகும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. மூன்று வேளையும் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுங்கள். பருப்போ முட்டையோ ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். உடுப்பைத்தான் உடம்புக்கேற்பத் தைக்க வேண்டும். இளைக்கச் சொன்ன என் பெரியம்மாவிடம் இதை அப்படியே சொன்னேன். யோசித்துவிட்டு, "சரி, அப்படியென்றால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்" என்றார்.

வேலை கூடிய வாரங்களுக்கு ஃப்ரீசர்தான் துணை. எல்லாவற்றையும் அதில் போட்டுவிட முடியாது. வேகவைத்த பயறு வகைகள், கெட்டியான சூப், தக்காளியும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய விழுது ஆகியவை அப்படியே கெடாமல் மீண்டு வரும். உருளைக்கிழங்குத் துண்டுகள் நீர்விட்டுக் கொரகொரவென்று ஆகிவிடும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும். வெள்ளரி போன்ற நீர்க்காய்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு எல்லாப் பயறும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ராஜ்மா மட்டும் தனிக் கவனம் கேட்கும். அதில் இயற்கையாக இருக்கும் ஒரு நச்சுப் புரதம் அரைவேக்காட்டில் அழிவதில்லை. நான்கைந்து மணிகளைத் தின்றாலே கடும் வாந்தி வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று கொதிக்கும்படி முதலில் 10 நிமிடமாவது, பாதுகாப்புக்கு 30 நிமிடம், வைத்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். காலையில் குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் (ஸ்லோ குக்கர்) ஊறியதைப் போட்டுவிட்டு அலைச்சலுக்குக் கிளம்பலாம் என்று தோன்றும். அந்தச் சூடு போதாது. சோற்றிலும் ஒரு கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தொலைபேசியில் பேசிக்கொண்டே சோற்றை மறந்துவிடும் மாதங்கள் இவை, அதனால்தான் சொல்கிறேன்.

கல்யாண வாரத்தில் வீடு நிறைந்துவிடும். விழா விருந்தை வேறு யாராவது பார்த்துக்கொண்டாலும், வந்து தங்கியிருக்கும் உறவுகளுக்குக் காலையும் இரவும் வீட்டில்தான் சமைக்க வேண்டும். ஆளுக்கு 75 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்; வெந்தபின் அது ஏறத்தாழ மூன்று மடங்காகும். நான்கு பேருக்கான அளவை ஐந்தால் பெருக்கினால் இருபது பேருக்குச் சரியாக வந்துவிடாது. வாய் அகன்ற சிறு பாத்திரத்தில் நீர் வற்றுவதுபோல் ஆழமான அண்டாவில் வற்றாது, எனவே நீரைக் குறைக்க வேண்டும். உப்பையும் காரத்தையும் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும்.

பெரிய பாத்திரத்தில் உள்ள ஆபத்து ஆறும்போதுதான். மேலே கை வைத்தால் ஆறியதுபோல் இருக்கும், நடுவில் மணிக்கணக்கில் இளஞ்சூடு நிற்கும். கிருமிகளுக்கு வேண்டியது அதே சூடுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று இதைப் பற்றியது: சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். மிஞ்சியதை உடனே அகலத் தட்டுகளில் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் போகாமல் பரப்பி ஆறவைத்து உள்ளே வைத்துவிடுங்கள். விழா நாளில் பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், எந்த அலங்காரமும் அதை ஈடுகட்டாது. உதவிக்கு வருகிறவர்களில் ஒருவரை, என் சித்தியைப் போல் சொன்னால் செய்து முடிக்கிற ஒருவரை, இந்த வேலைக்கு மட்டும் பொறுப்பாக்கிவிடுங்கள்.

விழாவுக்கு மறுநாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. களைப்பு உச்சத்தில் இருக்கும். கடைக்குப் போகக் கால் வராது. புது வீட்டில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்பதுகூடப் பழகியிருக்காது. அந்த வாரத்துக்காக இப்போதிருந்தே சனிக்கிழமைகளில் கொஞ்சம் கூடுதலாகச் சமைத்து, இருவருக்குப் போதுமான சிறு டப்பாக்களாகப் பிரித்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம். கொண்டைக்கடலை, பருப்பு, காய்கறி சூப், அந்த 40 நிமிட வெங்காய விழுது. சோறு மட்டும் அன்றன்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படைத் தேதிகளில் பாத்திரம் கழுவுவது அவர், இரட்டைப்படையில் நான். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு.